"டேய்... நீ கீப்பர் நில்லுடா!"



சாயங்காலம் நாலரை மணி. எங்கள் ஆமத்தூரில், ஊரை ஒட்டிய பொட்டலில் கால்பந்து ஆட்டம் தொடங்கப் போகிறது. பக்கத்துக்கு இரண்டு செங்கல். அதுதான் கோல் போஸ்ட். பந்து கருவேலமுள் பக்கம் போனால் 'புஸ்'... அத்துடன் ஆட்டம் முடிந்தது!

இரண்டு பேர் நின்று மாற்றி மாற்றி ஆள் எடுக்கிறார்கள். வேகமாக ஓடுகிறவன் முதலில் போய்விடுவான். நன்றாக உதைக்கிறவன் அடுத்து. கடைசியில் ஒரே ஒருவன் மிச்சம் நிற்பான். அவனைப் பார்த்து ஒரு குரல் வரும்: "டேய்... நீ கீப்பர் நில்லுடா!"

உங்கள் தெருவிலும் இப்படித்தானே? இன்று அந்த 'மிச்ச ஆளை'ப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கண் சிமிட்டும் நேரம்!

முதலில் ஒரு கணக்கு. கோல் போஸ்டின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. ஒருவர் இரண்டு கைகளையும் விரித்தால், அந்த நீளம் அவர் உயரத்துக்கு ஏறக்குறைய சமம். 6 அடி உயரமுள்ள கீப்பர் கைகளை விரித்து நின்றால் எவ்வளவு அகலத்தை மறைப்பார்? கால் பங்குதான்! மீதி முக்கால் பங்கைத் தாவித்தான் காக்க வேண்டும்.

அடுத்தது பெனால்டி. பந்து இருப்பது 11 மீட்டர் தூரத்தில். அது மணிக்கு 100 கி.மீ., வேகத்தில் வந்தால் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கும். அப்படியானால் 11 மீட்டரைக் கடக்க 0.4 நொடி போதும். ஒருமுறை கண் சிமிட்டினால் பந்து வலைக்குள்! அதனால்தான் கீப்பர் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. உதைப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, ஊன்றிய கால் எங்கே நோக்குகிறது என்று பார்த்து முன்கூட்டியே கணிக்கிறார்.

காலித் தீப்பெட்டி சொல்லும் பாடம்

நம் ஊரில் தீப்பெட்டிக்குப் பஞ்சமா? ஒரு காலிப் பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே தெரியும் வீட்டைப் பாருங்கள். பெட்டியைக் கைநீட்டிப் பிடித்தால் ஒரு ஜன்னல்தான் மறையும். அப்படியே கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். வீடே மறைந்துவிடும்!

பந்தோடு ஒருவன் தனியாக ஓடி வரும்போது, கீப்பர் கோட்டை விட்டு முன்னேறுவது இதற்காகத்தான். பந்துதான் கண், கீப்பர்தான் தீப்பெட்டி. பந்தை நெருங்க நெருங்க, பின்னால் இருக்கும் கோல் மறைந்துகொண்டே போகும். ஆனால், அவசரப்பட்டு ரொம்பவும் முன்னால் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எப்போது வருவது, எப்போது நிற்பது என்பதை வருடக்கணக்கில் ஆடித்தான் கற்க முடியும்.

வெலிங்டனில் வளர்ந்த தங்கராஜ்

நம் நாட்டின் மிகச்சிறந்த கோல் கீப்பர் யார் என்று கேட்டால், பழைய ஆட்கள் பலரும் சொல்லும் பெயர் பீட்டர் தங்கராஜ். 1935 டிசம்பர் 24ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்களில் ஆடத் தொடங்கி, பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரியில் குன்னூர் அருகே வெலிங்டன் இருக்கிறதே, அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்கு ஆடினார். அந்த அணி 1955லும், 1958லும் புகழ்பெற்ற டூரண்ட் கோப்பையை வென்றது.

ஒரு வேடிக்கை தெரியுமா? தங்கராஜ் முதலில் கீப்பரே இல்லை; கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு! பிறகுதான் கோல் காக்க வந்தார். கோல் அடிப்பவன் மனதில் என்ன ஓடும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

நல்ல உயரம், நீண்ட கைகள். 1956ல் மெல்போர்ன், 1960ல் ரோம் என இரண்டு ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. 1958ல் ஆசியாவின் சிறந்த கீப்பர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அப்புறம் கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967ல் அர்ஜுனா விருது பெற்றார்.

ஜகார்த்தாவில் கடைசி ஐந்து நிமிடம்

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரணி தென்கொரியா. முதல் சுற்றில் நம்மை 2 - 0 என்று தோற்கடித்த அதே அணி! அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். வேறொரு பிரச்னையால் அந்த ஊர் மக்களுக்கு இந்தியா மீது கோபம். நம் வீரர்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல்.

நம் அணியிலோ ஆளுக்கொரு வேதனை. ஜர்னைல் சிங்கின் தலையில் தையல். தங்கராஜுக்குக் காய்ச்சல், முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன்தான் கோல் காத்தார். ஆனால், கொரியர்களின் உயரப் பந்துகளைப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும். பயிற்சியாளர் ரஹீம் இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜை இறக்கினார். ரஹீம் யார் தெரியுமா? என்னைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!

17வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20வது நிமிடத்தில், தையல் போட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங் இன்னொரு கோல். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொரியாவால் தங்கராஜைத் தாண்ட முடியவில்லை. 85வது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்துவிட்டது.

2 - 1. இன்னும் ஐந்து நிமிடம். இன்னொன்று விழுந்தால் எல்லாம் போச்சு. அரங்கமே அலறுகிறது. அந்த நேரத்தில் கீப்பர் என்ன செய்ய வேண்டும்? வலைக்குள் கிடக்கும் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி தன் இடத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. தங்கராஜ் நின்றார். இந்தியா தங்கம் வென்றது! அதற்குப் பிறகு, 2023 வரை நடந்த எந்த ஆசியப் போட்டியிலும் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு தங்கராஜ், பொகாரோ இரும்பு ஆலையின் கால்பந்துப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2008 நவம்பர் 24ல் பொகாரோவிலேயே காலமானார்.

நான் எண்ணாத பந்துகள்

இனி நான் செய்த தவறு ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கால்பந்துப் போட்டி. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், எங்கள் கீப்பரின் கால்களுக்கு இடையில் பந்து புகுந்துவிட்டது. தோற்றோம். எல்லார் முன்னாலும் அவனைப் பார்த்து, "ஒரு பந்தைப் பிடிக்கத் தெரியலையா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் ஒரு மாணவி வந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், அதுக்கு முன்னாடி அவன் ஏழு பந்தைப் பிடிச்சான் சார்."

எனக்குச் சுருக்கென்றது. விழுந்த ஒன்றை எண்ணத் தெரிந்த எனக்கு, விழாத ஏழை எண்ணத் தெரியவில்லை. அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்று சிரித்தான். ஆனால், அப்புறம் அவன் பந்து ஆட வரவே இல்லை.

ஃபார்வர்டு பத்துத் தடவை தவறவிட்டு ஒருமுறை கோல் அடித்தால், தோளில் தூக்குவோம். கீப்பர் பத்துத் தடவை பிடித்து ஒருமுறை தவறவிட்டால், திட்டித் தீர்ப்போம். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்!

நீங்களும் ஆகலாம்

கீப்பருக்கு உயரம் உதவும். ஆனால், பழக்கம்தான் முக்கியம். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குபவர்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? கண் பார்ப்பதற்குள் விரல் வேலையை முடித்திருக்கும். அதே பழக்கம்தான் கீப்பருக்கும். ஒரு டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதைப் பிடியுங்கள். தினமும் நூறு தடவை. தாவிப் பழகுவதை மட்டும் சரளைக் கல் தரையில் வேண்டாம். மணல் அல்லது புல்தரையில் செய்யுங்கள்.

ஆர்வமும் திறமையும் இருந்தால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறலாம். உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேளுங்கள்.

தெரியுமா உங்களுக்கு?

* ரஷ்யாவின் லெவ் யாஷின் 1963ல் 'தங்கப் பந்து' விருது பெற்றார். சிறுவயதில் போர்க்காலத்தில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தங்கராஜ் போன அதே மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்.

* இத்தாலியின் டினோ ஸோஃப், 1982ல் உலகக் கோப்பையை வாங்கியபோது அவருக்கு 40 வயது! கீப்பர்கள் நீண்ட காலம் ஆட முடியும்.

* சென்னையில் பிறந்த அதிதி சௌஹான், 2015ல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் கோல் காத்தார். 2025ல் ஓய்வு பெற்றார். பெண் குழந்தைகளே, கவனிக்கவும்!

* தன் அணி வீரர் வேண்டுமென்றே காலால் உதைத்துக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. இந்த விதி 1992ல் வந்தது.

இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்வீர்களா? ஆட்டம் பார்க்கும்போது ஒரு நோட்டில் இரண்டு கோடு போட்டுக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் விழுந்த கோல்; மறுபக்கம் கீப்பர் பிடித்த பந்து. ஆட்டம் முடிந்ததும், இரண்டாவது கணக்கை அவனிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

நாளைக்கும் அவன் ஆட வருவான்!