சிண்ட்ரெல்லாவின் காலணியில் ரத்தம்

சிண்ட்ரெல்லா என்றதும் கண்ணாடிக் காலணியும், வண்டியாக மாறும் பூசணிக்காயும்தானே நினைவுக்கு வரும்? இரண்டும் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில் வருபவை. அதில் அவள் மாற்றாந்தாய் மகள்களை மன்னித்து, பிரபுக்களுக்கு மணமுடித்தும் வைக்கிறாள்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட கதையில் அவளுக்கு உதவும் தேவதையே கிடையாது. தாயின் சமாதியில் வளர்ந்த மரம்தான் உடை தருகிறது. காலணி பொருந்த வேண்டுமென்று மாற்றாந்தாய் மகள்களில் ஒருத்தி கால்விரலை வெட்டிக்கொள்கிறாள். இன்னொருத்தி குதிகாலைச் சீவிக்கொள்கிறாள். வழியும் ரத்தத்தைப் புறாக்கள் இளவரசனுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. 1819 பதிப்பில் அதே புறாக்கள் இருவர் கண்களையும் கொத்திவிடுகின்றன. இக்கதை இடம்பெற்ற நூலின் பெயரிலோ 'குழந்தைகள்' உண்டு!

1950-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் படமாக்கியது பெரோவின் கதையைத்தான்.