வாட்ஸ்அப் போகிறது, வங்கிப் பக்கம் திறக்கவில்லை: 8 பைட் செய்யும் வேலை

வாட்ஸ்அப் செய்தி உடனே போய்ச் சேருகிறது. வங்கிப் பக்கமோ பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீடானாலும் தோட்டத்து வீடானாலும், இப்படி நேர்ந்தால் பலரும் ‘லைன் ஸ்லோ’ என்றுதான் நினைப்பார்கள். வேகம் கூடிய திட்டத்துக்கு மாறி, மாதம் கூடுதல் ரிங்கிட் கட்டுவார்கள். கோளாறு வேகத்தில் இல்லாமல் அளவில் இருந்தால், அந்தப் பணம் வீண்.

இணையத்தில் தகவல் சிறு பொட்டலங்களாகவே பயணம் செய்கிறது. வழக்கமான ஈதர்நெட் இணைப்பில் ஒரு பொட்டலம் 1500 பைட்டைத் தாண்டாது. அதில் முகவரி உறைகளுக்கு ஐபிவி4 20, டிசிபி 20 பைட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1460. இதுவே எம்எஸ்எஸ், அதாவது உச்சத் துண்டு அளவு. இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் ‘இதற்கு மேல் அனுப்பாதே’ என்று தத்தம் அளவைச் சொல்லிவிடும். பேரம் பேசும் பழக்கம் கணினிக்குக் கிடையாது.

யூனிஃபை போன்ற வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பிபிபிஓஇ என்ற 8 பைட் உறை ஒன்றும் சேரும். ஆகவே 1452தான் மிஞ்சும். வீட்டுக் கணினிக்கு இது தெரியாது. 1460 என்றே சொல்லும். எதிர்முனையும் அதே அளவில் அனுப்ப, பொட்டலம் வழியில் கைவிடப்படும். ‘அளவு பெரிது’ என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி தகவலை ஏதாவதொரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்பிய முனைக்குக் காரணமே தெரியாது. சிறிய செய்திகள் மட்டும் நுழைந்துவிடும்.

பெரும்பாலான ரவுட்டர்கள் இந்த எண்ணைத் தாமே திருத்திவிடும். சொந்தமாக வாங்கிப் பொருத்திய ரவுட்டரில்தான் கவனம் தேவை: எம்டியு 1492 ஆக இருக்கிறதா, ‘எம்எஸ்எஸ் கிளாம்பிங்’ இயங்குகிறதா என்று திட்டத்தை மாற்றுமுன் பார்த்துவிடலாம்.