ஆச்சியிடம் சொன்னால் போதுமா?

பெற்றோர் கூட்டத்துக்குக் காது கேளாத அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு வருகிறார்கள். கூடவே ஆச்சியும் வருகிறார். ஆசிரியரின் கண் ஆச்சியைத்தான் தேடுகிறது. மதிப்பெண், சேட்டை, விடுப்பு எல்லாம் ஆச்சியின் காதுக்குப் போகின்றன. கையெழுத்து மட்டும் அம்மாவுடையது. ஆச்சி வராத நாளில் அந்த வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது. தன்னைப் பற்றிய புகாரைத் தானே சைகையில் சொல்ல வேண்டிய ஒன்பது வயதுக் குழந்தை எதைச் சொல்லும், எதை விடும்?

எந்த ஊர்ப் பள்ளியிலும் எளிதில் நடந்துவிடுகிற காரியம் இது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பெற்றவர்களைச் சுற்றிக்கொண்டு போகிற பள்ளி அவர்களோடு ஒருநாளும் கைகோக்க முடியாது.

நம் தென்காசிப் பக்கத்துக்குக் காது கேளாதோர் கல்வி புதிய விஷயமும் இல்லை. 1890களில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை தென்காசியும் பாளையங்கோட்டை இருக்கும் திருநெல்வேலி மாவட்டம்தான். இப்படிப்பட்ட விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சக மாணவர்களிடமிருந்தே சைகை மொழி கிடைத்துவிடும். விடுமுறைக்கு வீடு வந்தால்தான் பேச ஆளிருக்காது.

1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்விக்கான மாநாடு, சைகை மொழியை வகுப்பறையிலிருந்து விலக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் உலகம் முழுக்க எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிப் பருவம் உதட்டசைவைப் படிக்கப் பழகுவதிலேயே கரைந்தது. இன்று பெற்றோராகி நம் பள்ளி வாசலுக்கு வருகிறவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழிதான். நீண்ட சுற்றறிக்கையைக் கொடுத்து, 'எழுதித்தான் கொடுத்தோமே' என்று பள்ளி விலகிக்கொள்வது நியாயமில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடும் பழக்கம் இந்த வீடுகளை அடியோடு வெளியே தள்ளிவிடுகிறது. தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய பொருளின் படம் என்று இரண்டே வரியில் அனுப்பலாம். அவசரத்துக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'வாங்க', 'நல்லா படிக்கிறாள்', 'காய்ச்சல்', 'நாளை விடுமுறை' என்ற சைகைகளில் தொடங்கினாலே வீட்டாரின் முகம் மலரும். ஆழமாகப் பேச வேண்டியிருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வழியாகச் சைகை தெரிந்தவரை வரவழைக்க வேண்டும். அவர் பக்கத்தில் இருந்தாலும் ஆசிரியர் பார்க்க வேண்டியது பெற்றோரின் முகத்தை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் ஆசிரியரின் முகம் இருட்டாகத் தெரியும். இடம் மாறி உட்கார வேண்டும். சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிப்பது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

கூட்டத்தின் நேரத்தையும் வீட்டாரைக் கேட்டே வைக்கலாம். கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் தாய்மார்கள் கடைக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால் காது கேட்பவர்களும் வரமாட்டார்கள்.

காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறப்பதோ காது கேட்கும் பெற்றோருக்குத்தான். ஆஸ்பத்திரி, கோயில், காதொலிக் கருவி என்று அலைந்து களைத்த வீடுகள் அவை. சைகை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் அங்கே இன்னும் இருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை. எந்த மொழியும் கிடைக்காமல் ஐந்து வயது கடப்பதுதான் பெரிய ஆபத்து. இங்கே ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிற காது கேளாத பெரியவர் ஒருவரை அந்த வீட்டுக்கு அறிமுகப்படுத்துவது. தங்கள் மகள் வளர்ந்தால் எப்படி இருப்பாள் என்று அந்தத் தாயும் தகப்பனும் நேரில் பார்க்க முடியும். அறிவுரையால் முடியாதது இதனால் முடியும் என்று நம்புகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அதில் காது கேளாத அம்மா ஒருவரும் இருக்கட்டுமே.

ஜூனில் சாரல் பிடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் குற்றாலத்துக்குக் கிளம்புவார்கள். மெயின் அருவியின் இரைச்சலில் காது கேட்பவர்களே கையைக் காட்டித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் தண்ணீர் திடீரெனப் பெருகினால் எச்சரிக்கை பெரும்பாலும் விசில், கூச்சல் என்று ஒலியாகத்தான் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஓர் இளம் உயிரைக் கொண்டுபோனது. காது கேளாத மாணவர் இருக்கிற வகுப்பு என்றால், சுற்றுலாவுக்கு முன்பே ஆசிரியர் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். கூட்டத்துக்குள் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறீர்கள், ஆபத்தென்றால் என்ன சைகை என்று அப்பாவையும் அம்மாவையும் கேட்க வேண்டும். அந்தச் சைகையை வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டுத்தான் வண்டியேற வேண்டும்.