மண்ணில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசை அறிவது எப்படி?

ஏரியைத் தூர் எடுக்கும்போதும், கிணறு வெட்டும்போதும், நிலத்தை ஆழ உழும்போதும் பழங்காசுகள் அகப்படுவதுண்டு. தருமபுரி மாவட்டம் அதியமான் மரபினர் ஆண்ட பழைய தகடூர் நாடாகும். கொங்குச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டு நிலத்திற்கு ஏறும் வழியில் அமைந்தது. ஆகவே, இங்கு கிடைக்கும் பழங்காசு எதையும் அலட்சியம் செய்தலாகாது. ரோமானிய வெள்ளிக் காசை இனங்காணும் முறையை ஈண்டு விளக்குவோம்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், தமிழகத்து மிளகும் மணிக்கற்களும் கடல் கடந்து ரோமாபுரிக்குச் சென்றன. அவற்றின் விலையாக ரோமானியப் பொன்னும் வெள்ளியும் இங்கு வந்தன. 1842-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் மட்டும் 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் காசுகளே.

இக்காசின் பெயர் தினாரியஸ். எடை 3.7 முதல் 3.9 கிராம் வரை. அதாவது, ஏறக்குறைய மூன்றில் ஒரு தோலா. அகலம் 18 அல்லது 19 மில்லிமீட்டர். பழைய வெள்ளி நாலணாவின் அளவுதான், ஆனால் அதைவிடத் தடிப்பானது. சம்மட்டியால் அடித்துச் செய்ததாகையால் வட்டம் ஒழுங்காக இராது. விளிம்பில் வரிப்பற்களும் இரா.

முகப்பில், இலை மாலை சூடிய அரசன் தலை நமது வலப்புறம் நோக்கி இருக்கும். சுற்றிலும் ரோமானிய எழுத்துக்கள் காணப்படும். அகஸ்டஸ் காசு ஒன்றின் பின்புறத்தில் இரண்டு இளைஞர் நிற்க, இடையே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். டைபீரியஸ் காசின் பின்புறத்தில், செங்கோலும் மரக்கிளையும் ஏந்திய பெண் ஆசனத்தில் அமர்ந்திருப்பாள். இவ்விரண்டுமே இந்நாட்டில் மிகுதியாகக் கிடைப்பவை. 1, 2 போன்ற எண்களில் ஆண்டு பொறித்திருந்தால் அது ரோமானியக் காசன்று. தலையோ எழுத்தோ இன்றி, சூரியன் முதலிய சிறு முத்திரைகள் மட்டும் இருந்தால், அது நம் நாட்டு முத்திரைக் காசு. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால், அச்சில் வார்த்த போலியென ஐயுறலாம்.

காசு கிடைத்தால் புளியோ சாம்பலோ இட்டுத் தேய்க்கலாகாது. தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். கலயத்தையும் காசுகளையும் பிரிக்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். உருக்கிவிட்டால் மிஞ்சுவது சில கிராம் வெள்ளி மட்டுமே. எந்த வழியில் வாணிகம் நடந்தது என்ற செய்தி அடியோடு மறைந்துவிடும்.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். மறைத்தால் தமது பங்கை இழப்பதோடு, தண்டனைக்கும் உள்ளாவார். முறைப்படி அறிவித்தவரின் உரிமையையும், நிலச் சொந்தக்காரரின் உரிமையையும் சட்டம் காக்கிறது. அச்சத்தாலேயே பலர் காசுகளை மறைக்கின்றனர். இதனை ஊராருக்கு எடுத்துரைத்து, மனு எழுத உதவுவது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும்.