உருளைக்கிழங்கு அழைத்து வந்த கொக்குகள்

தெற்கு ஸ்வீடனின் வெஸ்தர்யோத்லாந்து சமவெளியில், பில்லிங்கென் மேட்டுநிலத்துக்கு மேற்கே அமைந்துள்ள ஹோர்ன்போரியா ஏரி, ஏறத்தாழ 30 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தாலும் பெரும்பகுதியில் ஒரு மீட்டரை ஒட்டிய ஆழமே கொண்டது. மார்ச் மாத நடுவில், கரையோரத்துப் பனி முழுவதும் உருகுமுன்பே, ஸ்பெயினிலும் பிரான்சிலும் குளிர்காலத்தைக் கழித்த பெருங்கொக்குகள் ஜெர்மனியின் வடகரையிலிருந்து பால்டிக் கடலைக் கடந்து இங்கு வந்திறங்கத் தொடங்குகின்றன. ஏப்ரல் முதற்பாதியில் ஒரே நாளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை எண்ணப்பட்ட ஆண்டுகள் உண்டு. தமிழக வயல்களில் காணும் கொக்குகளுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. இவை வட இந்தியாவின் சாரசக் கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நின்றால் ஒரு மீட்டருக்கும் அதிகமான உயரமும், சிறகு விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் அகலமும் உடைய இப்பறவையின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு கிடப்பதால், அதன் குரல் எக்காளம்போல் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும்.

காண வருவோரை ஈர்ப்பது அதன் ஆட்டமே. சிறகுகளைப் பாதி விரித்துத் துள்ளுவதும், கழுத்தை வளைத்து வணங்குவதும், காய்ந்த புல்லையோ குச்சியையோ கொத்தி மேலே எறிவதுமாக நிகழும் இவ்வாட்டம், இணைசேர்வதற்கு மட்டும் உரியதன்று. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழும் இணைகள் தம் பிணைப்பைப் புதுப்பித்துக்கொள்ளவும், இன்னும் இணை தேடாத இளம் பறவைகள் பழகிக்கொள்ளவும் ஆடுகின்றன. ஒன்று தொடங்கினால் அருகிலுள்ளவையும் சேர்ந்துகொள்கின்றன. மாலையில் நரி எட்டாத ஆழமற்ற நீருக்குள் சென்று நின்றபடியே உறங்குகின்றன. அப்போது வரிசை வரிசையாகப் பறந்து செல்பவற்றைத்தான் ஆர்வலர்கள் எண்ணுகிறார்கள்.

இக்காட்சியை ஏரியின் வளத்துக்குச் சான்றாகக் கொள்வது இயல்பே எனினும், வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. விளைநிலம் பெறும் நோக்கில் 1802க்கும் 1933க்கும் இடையே ஐந்து முறை ஏரியின் நீர்மட்டம் தாழ்த்தப்பட்டது. நீர் வடிந்த சேற்றுநிலம் காலப்போக்கில் அமிழ்ந்துபோக, ஒவ்வோர் இளவேனிலிலும் வெள்ளம் திரும்பி வந்து உழவைக் கெடுத்தது. கோடையிலோ நீரின்றிப் போன ஏரிப்படுகையை நாணலும் கோரையும் புதர்களும் மூடின. ஏரியும் போயிற்று, வயலும் வாய்க்கவில்லை. இவ்வாறு ஏரி அழிந்துகொண்டிருந்த காலத்திலேயே கொக்குகள் இங்குத் தங்கத் தொடங்கின என்பதுதான் வியப்பு. அருகிலிருந்த பெரும்பண்ணைகள் சாராயம் காய்ச்சுவதற்காக உருளைக்கிழங்கு பயிரிட்டன. அறுவடையில் தப்பி மண்ணில் கிடந்த கிழங்குகள், நீண்ட பயணத்தில் களைத்து வந்த பறவைகளுக்கு உணவாயின. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பயிர் நின்றபோது, கொக்குகள் புதிதாக விதைத்த வயல்களில் இறங்கி உழவர்களுக்கு இழப்பு உண்டாக்காதிருக்கும்பொருட்டு, அவற்றுக்கென உணவிடும் ஏற்பாடு தொடங்கியது. இன்று கரையோர வயல்களில் அவற்றுக்காகத் தூவப்படுவது வாற்கோதுமை. ஆகவே கொக்குகளின் கூட்டம் வயலுக்குச் சான்றேயன்றி ஏரிக்குச் சான்றாகாது.

ஏரியைப் பற்றி அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியவை முக்குளிப்பான்கள். 1960களில் தொடங்கிய ஆய்வுகளுக்கும் நீண்ட வாதங்களுக்கும் பின், பரந்த நாணற்காடுகளை வெட்டியும் எரித்தும், வேர்ப்பின்னலைக் கிளறியும், புதர்களை அகற்றியும், நீர்மட்டம் 0.85 மீட்டர் உயர்த்தப்பட்டது. 1995இல் பணி முடிந்தது. திறந்த நீர் மீண்டதும் நீர்ப்பூச்சிகளும் அவற்றின் புழுக்களும் பெருகின. அவற்றை உண்ணும் கொம்பு முக்குளிப்பானும், செந்நிறக் கண்களையுடைய கருங்கழுத்து முக்குளிப்பானும் இங்குக் கூடு கட்டின. நீர்த்தாவரங்களைக் குவித்து இவை அமைக்கும் கூடு நீரின் மேல் மிதப்பது. பறவை விலகிச் செல்லும்போது ஈரத் தழையால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். குஞ்சுகள் தாய்தந்தையர் முதுகில் ஏறியே முதல் நாட்களைக் கழிக்கின்றன.

இவற்றின் வாழ்வு கருந்தலைக் கடற்காகங்களைச் சார்ந்தது. பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இக்கடற்காகங்கள், காக்கையோ பருந்தோ அணுகினால் ஒன்றுதிரண்டு கூச்சலிட்டுத் துரத்துகின்றன. அந்தக் காவலின் நிழலில் முக்குளிப்பான்களும் வாத்துகளும் தம் கூடுகளை வைத்துக்கொள்கின்றன. காதைத் துளைக்கும் கூச்சலும் எச்சத்தின் நாற்றமும் உடைய கடற்காகக் கூட்டத்தை அழகென்று புகழ்வார் குறைவு. ஆயினும் அது கலைந்துபோனால் அண்டை வீட்டாரும் கலைந்துபோவார்கள்.

நீர்மட்டம் உயர்ந்ததோடு வேலை தீர்ந்துவிடவில்லை. ஆழமற்ற, சத்து மிகுந்த நீரில் நாணல் எப்போதும் உள்ளே நகரக் காத்திருப்பதால், கரையோரப் புல்வெளிகளில் மாடுகள் மேய்க்கப்படுகின்றன. மாடு கடித்துக் குட்டையாக்கிய ஈரப்புல்லில்தான் ஆள்காட்டியும் பவளக்காலியும் முட்டையிடுகின்றன. புல் நெடிதுயர்ந்தால் பதுங்கி வரும் நரியை அவற்றால் காண இயலாது. நாணற்பகுதி முழுவதையும் அழிப்பதும் தவறாகும், ஏனெனில் தரையதிர முழங்கும் பெருங்குருகும், தாழப் பறந்து இரை தேடும் சேற்றுப் பூனைப்பருந்தும் அதற்குள்ளேயே வாழ்கின்றன. எவ்வளவு நாணல், எவ்வளவு புல், எவ்வளவு திறந்த நீர் என்பதை ஆண்டுதோறும் மனிதரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

தென்காற்று வீசும் வெயில் நாட்களில், வெப்பக் காற்றோட்டத்தில் வட்டமிட்டு உயர்ந்து, கொக்குகள் வடக்கிலுள்ள சதுப்புநிலங்களை நோக்கிப் புறப்படுகின்றன. ஏப்ரல் இறுதிக்குள் பெரும்பாலானவை போய்விட, அவற்றைக் காண வந்த கூட்டமும் குறைகிறது. முக்குளிப்பான்கள் முட்டையிடுவதோ அதற்குப் பின்னர், மே மாதத்தில்.