வாசலில் நிற்பவர் யார்?

“டிங்... டாங்!”

பிற்பகல் மூன்று மணி. எங்கள் வீட்டு அழைப்பு மணி ஒலிக்கிறது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை, அம்மா அலுவலகத்தில், நானோ வகுப்பில். வீட்டில் இருப்பவர்கள் எழுபத்தாறு வயதான எங்கள் ஆச்சி மட்டுமே. “யாரது?” என்று அவர்கள் வாய் கேட்கும்போதே கை தாழ்ப்பாளை நீக்கிவிடும். சென்ற ஆண்டு ஒரு நாள் இப்படித்தான், எரிவாயு அடுப்பைச் சோதிக்க வந்ததாகக் கூறிய ஒருவன் சமையலறை வரை வந்து, ரப்பர் குழாயை மாற்றியதாகச் சொல்லி, 1,500 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பணம் போனதற்கு அம்மா அவ்வளவு கலங்கவில்லை. “வீட்டில் வேறு யாரும் இல்லையா?” என்று அவன் ஆச்சியிடம் கேட்டான் என்பதை அறிந்தபோதுதான் அம்மாவின் முகம் வெளுத்தது. அன்றிரவே காமிரா பொருத்திய அழைப்பு மணி ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று.

அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன் என்ற ஒரே காரணத்தால், அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தேடியும் கேட்டும் நான் அறிந்தவற்றைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

வாசல் காமிராவின் கதையில் முதலில் வருபவர் ஒரு பெண் என்பதை அறிந்து நான் வியந்தேன். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பின அம்மையார் ஒரு செவிலியர். கணவர் ஆல்பர்ட் மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்தவர். இருவரின் வேலை நேரமும் ஒத்துவராததால், இரவில் தனியே இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் அம்மையாருக்கு அச்சம். அழைத்தாலும் காவலர் வந்து சேர நேரமாகும். ஆகவே இருவரும் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கினர். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள், வந்திருப்பவர் நெட்டையானாலும் குட்டையானாலும் முகம் தெரியும்படி அத்துளைகளுக்கு நேரே மேலும் கீழும் நகரும் காமிரா, படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை, பேசுவதற்கு ஒலிவாங்கி, அங்கிருந்தே கதவைத் திறக்கவும், ஆபத்தென்றால் உதவிக்கு அழைக்கவும் பொத்தான்கள். 1966 ஆகஸ்டு 1ஆம் நாள் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2ஆம் நாள் காப்புரிமை பெற்றார்கள்.

இன்று விற்பனையாகும் மணிகளிற் பல, படத்தை வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு அனுப்புகின்றன. 2013இல் அமெரிக்காவில் ‘டோர்பாட்’ என்ற பெயரில் வந்து, பின்னர் ‘ரிங்’ எனப் பெயர் மாறி, 2018இல் அமேசான் நிறுவனத்தால் வாங்கப்பட்ட மணி இவ்வகையில் புகழ் பெற்றது. பிரவுன் அம்மையாரின் திரை வீட்டுக்குள் இருந்தது. இவற்றின் திரையோ வீட்டுக்காரர் போகுமிடமெல்லாம் போகிறது. இந்த வேறுபாட்டின் பொருளை நான் முதலில் உணரவில்லை.

அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்த மாமா அப்படியொரு மணியைப் பரிசாகக் கொண்டு வந்தார்கள். மின்பணியாளர் அண்ணாச்சி அதன் பின்புறத்தைத் திருப்பிப் படித்தார். 16 முதல் 24 வோல்ட்டு என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்நாட்டு வீடுகளில் மணிக்கென ஒரு சிறு மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும். நம் வீட்டு மணிகளுக்கோ பெரும்பாலும் 230 வோல்ட்டு நேராக வருகிறது. “பழைய மணி இருந்த இடத்துல இதை மாட்டினா டிங் டாங் வராது பாப்பா, புகைதான் வரும்” என்றார். ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது விலையை அல்ல, மின்னழுத்தத்தை. மாமாவின் பரிசு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

மின்கலத்தில் இயங்கும் மணியை வாங்கினால் இத்தொல்லை இல்லை. ஆனால் சில மாதங்களுக்கு ஒரு முறை கழற்றி மின்னேற்ற வேண்டும். மின்தடை வந்தால் மணி விழித்திருக்கும். வீட்டு ரௌட்டர் அணைந்துவிடும்! அப்போது படம் யாருக்கும் போய்ச் சேராது. மின்சாரம் இருந்தாலும், படம் ரௌட்டர் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்குச் சென்று கைப்பேசிக்குத் திரும்ப ஓரிரு விநாடிகள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அம்மா அலுவலகத்தில் பையைத் திறந்து கைப்பேசியை எடுப்பதற்குள் ஆச்சி கதவைத் திறந்துவிட மாட்டார்களா? எங்கள் ஆச்சியோ கைப்பேசியில் பச்சைப் பொத்தானைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்கள்.

எனவே நாங்கள் வாங்கியது ‘வீடியோ டோர் போன்’ எனப்படும் பழைய வகை. வாசலில் காமிரா, கூடத்துச் சுவரில் ஏழு அங்குலத் திரை, இரண்டுக்கும் இடையே கம்பி. வைஃபை தேவையில்லை, இன்வெர்ட்டர் இருப்பதால் மின்தடையிலும் வேலை செய்யும். ஒரே பொத்தான்; அழுத்தினால் பேசலாம். பகல் முழுவதும் வீடு பூட்டியிருக்கும் குடும்பத்தினருக்குக் கைப்பேசி மணியே ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவ்வகையை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும். ஆள் வருவதை அறிய அவற்றிற் பலவற்றில் ‘பி.ஐ.ஆர்.’ என்னும் உணர்கருவி உண்டு. நம் உடலின் வெப்பத்திலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்கள் அதன் முன் நகரும்போது அது விழித்துக்கொள்கிறது. சுவரும் தெருவும் உடலளவுக்குச் சூடாகிவிடும் கத்திரி வெயிலில் மனிதருக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைவதால் அது தடுமாறும்! நேரே எதிரில் நடந்து வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் அறியும்.

காமிராவின் புள்ளிக் கணக்கைக் காட்டிக் கடைக்காரர் ஆசை காட்டுவார். கையெட்டும் தூரத்தில் நிற்பவரின் முகத்துக்கு 2 மெகாபிக்சல் போதும். அதைவிட முக்கியம் வெளிச்சம். தெருவில் சுள்ளென்று வெயில். வந்தவர் நிற்பதோ நிழலில். படத்தில் முகம் கரிக்கட்டை போல் தெரியும். இதைச் சரிசெய்யும் ‘டபிள்யூ.டி.ஆர்.’ என்னும் வசதி உண்டா என்று கேளுங்கள். மழைச்சாரல் படும் வாசலானால் ஐ.பி. 65 என்ற குறியையும் பாருங்கள். மாட்டும் உயரம் நான்கடி போதும். அண்ணாச்சி முதலில் ஏழடி உயரத்தில் மாட்டிவிட, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வந்தவர்களின் உச்சந்தலைதான்.

படங்களை எங்கே சேமிப்பது என்பதும் சிறிய விஷயமன்று. கருவிக்குள் செருகும் சிறு அட்டையில் சேமித்தால் அவை நம் வீட்டிலேயே இருக்கும். கருவியைத் திருடினால் அவையும் போகும். நிறுவனத்தின் கணினியில் சேமித்தால் பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு. அங்கே அவற்றை யார் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. ரிங் நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளரின் வீட்டுப் படங்களைப் பார்க்க இடமிருந்தது என்று 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 58 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் இசைந்தது. நாங்கள் அட்டையையே தேர்ந்தோம்.

இவ்வளவு யோசித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் சந்தின் அகலம் எட்டடிதான். திரையை முதன்முதலில் போட்டதும் தெரிந்தது எங்கள் வாசல் அன்று, எதிர்வீட்டு அத்தையின் வாசற்படி! மாலையில் அத்தையும் மகள்களும் அமர்ந்து பூக்கட்டும் இடம் அது. “ஏளா, நாங்க வாரதையும் போறதையும் இதுல பிடிச்சு வைக்கப் போறீயளோ?” என்று அத்தை சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனால் அன்று மாலை படியில் யாரும் உட்காரவில்லை.

2021இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் இப்படியொரு வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அண்டை வீட்டாரின் காமிராக்கள், தம் எல்லைக்கு வெளியே வெகுதூரம் வரை பேச்சையும் பதிவு செய்தது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று கூறியிருக்கிறது. எங்கள் வீட்டுக்குச் சட்டம் தேவைப்படவில்லை; அத்தையின் வெறும் படியே போதுமாயிருந்தது. காமிராவின் அடியில் ஆப்பு வடிவிலான சிறு தட்டொன்றை வைத்துச் சாய்வாகத் திருப்பினோம். அத்தையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். “இன்னும் கொஞ்சம்” என்றார்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினோம்.

இனி ஆச்சி. “ஏட்டி, வந்தவுகள வாசல்ல நிறுத்தி வச்சா கேள்வி கேப்பாவ?” என்று முதல் வாரம் முழுவதும் கோபம். திரையில் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே போய்க் கதவையும் திறந்துவிடுவார்கள். முகம் தெரிந்தால் ஆள் நல்லவன் என்று பொருளாகிவிடுமா? கடைசியில் அம்மா இரும்புக் கடைக்குப் போய்க் கதவுச் சங்கிலி ஒன்று வாங்கி வந்தார்கள். விலை 140 ரூபாய். இப்போது ஆச்சி சங்கிலியை மாட்டியபடியே திரையின் பொத்தானை அழுத்தி, “பேத்தி நாலரைக்கு வருவா, அப்புறமா வாங்க” என்கிறார்கள். மீன்காரப் பாட்டிக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை.