வந்த அலை, வராத அலை

1929 ஜூன் 17 அன்று சைபீரியாவின் இர்குத்ஸ்க் நகரத்தில் இருந்த நில அதிர்வு நிலையத்தின் பதிவுத் தாளில் ஒரு நடுக்கம் விழுந்தது. நியூசிலாந்தின் தென்தீவில் மர்ச்சிசன் என்ற சிற்றூரைச் சிதைத்த நிலநடுக்கத்தின் அதிர்வு அது. பெரிய நிலநடுக்கம் எங்கே நிகழ்ந்தாலும் உலகமெங்கும் கருவிகள் அசையும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான். ஆனால் அன்றைய அறிவியல் கணக்குப்படி, இர்குத்ஸ்க் இருக்கும் இடத்துக்கு அந்த அலை வந்திருக்கவே கூடாது.

அந்த ஒரு முரண்பாட்டை விடாமல் பற்றிக்கொண்டு, பூமியின் நடுவில் அதுவரை எவரும் அறியாத ஓர் உருண்டை இருப்பதைக் கண்டுசொன்னார் ஒரு பெண். பள்ளிப் புத்தகத்தில் நாம் பார்க்கும் படம், அதாவது மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு என்று வெட்டிக் காட்டிய பூமி, இப்படிப்பட்ட முரண்பாடுகளால் வரையப்பட்டதுதான். எதிர்பார்த்ததற்கு முந்தி வந்த அலை, வராமல் போன அலை, வரக்கூடாத இடத்துக்கு வந்த அலை ஆகிய மூன்றும் சேர்ந்து, கண்ணால் காண முடியாத ஓர் உலகத்தை நமக்குக் காட்டியிருக்கின்றன.

நேரில் போய்ப் பார்க்க வழியே இல்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பல ஆண்டுகள் துளையிட்டு எட்டிய ஆழம் 12,262 மீட்டர். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. ஐந்நூறில் ஒரு பங்குகூட நாம் இறங்கவில்லை. மீதி வழி முழுவதும் போய்த் திரும்புவது நில அதிர்வு அலைகள் மட்டுமே.

நிலநடுக்கத்தின்போது பாறை உடைந்து நழுவுகிறது. அந்த இடத்திலிருந்து இரண்டு வகை அலைகள் பூமிக்குள் பாய்கின்றன. ஒன்று, தான் செல்லும் திசையிலேயே பாறையை அமுக்கியும் விரித்தும் முன்னேறும் முதன்மை அலை. இதைப் பி அலை என்பார்கள். மற்றொன்று, செல்லும் திசைக்குக் குறுக்காகப் பாறையை அசைத்துக்கொண்டு போகும் இரண்டாம் நிலை அலை, எஸ் அலை. பி அலை சுமார் 1.7 மடங்கு வேகம் கூடியது. எனவே எந்த நிலையத்திலும் முதலில் பதிவாவது அதுதான். எஸ் பின்னால் வரும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தைக் கொண்டு நிலநடுக்கம் எவ்வளவு தொலைவில் நிகழ்ந்தது என்று சொல்லிவிடலாம். மூன்று நிலையங்களின் கணக்கைச் சேர்த்தால் இடமே தெரிந்துவிடும்.

வேகத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமுக்கினால் எதிர்த்து மீள்வது எல்லாப் பொருளுக்கும் இயல்பு. பாறை மீளும், நீர் மீளும், காற்றும் மீளும். அதனால் பி அலை எதற்குள்ளும் போகும். குறுக்கே தள்ளப்பட்டால் பழைய வடிவத்துக்கு மீளும் தன்மை திடப்பொருளுக்கு மட்டுமே உண்டு. நீரைக் குறுக்கே தள்ளினால் அது வழிந்து போகும், மீளாது. ஆகவே எஸ் அலைக்குத் திரவத்துக்குள் வழியில்லை.

இந்த அலைகள் பூமிக்குள் நேர்கோட்டில் போவதில்லை. ஆழம் கூடக் கூட அழுத்தத்தால் பாறை இறுகுகிறது. அதன் அடர்த்தி கூடுவதைவிட விறைப்பு அதிகமாகக் கூடுவதால் அலையின் வேகமும் ஏறுகிறது. மேலோட்டுக்குச் சற்றுக் கீழே நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டராக இருக்கும் பி அலையின் வேகம், கவசத்தின் அடியில் 13.5 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. வேகம் மாறும் இடத்திலெல்லாம் அலை திசை விலகும். எனவே கீழ்நோக்கிப் புறப்பட்ட அலை சிறிது சிறிதாக வளைந்து, ஓர் ஆழத்தில் கிடையாகி, மறுபடி மேலே ஏறிவிடுகிறது. பூமியின் சுற்றளவில் கால் பங்கு தள்ளியிருக்கும் நிலையத்துக்கு வரும் பி அலை, 2,500 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி ஏறி வருகிறது. இவ்வளவுக்கும் அது எடுத்துக்கொள்வது சுமார் 13 நிமிடம். தொலைவு கூடக் கூட அலை தொட்டு வரும் ஆழமும் கூடும். அலை வந்து சேர்ந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்தாலே, அது எந்த ஆழத்தில் எவ்வளவு வேகமாகப் போயிற்று என்று கணக்கிட்டுவிடலாம்.

முதல் முரண்பாடு 1909 அக்டோபர் 8 அன்று குரோஷியாவின் தலைநகர் ஜாக்ரெபுக்கு அருகே, கூபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் வெளிப்பட்டது. ஜாக்ரெப் வானிலை ஆய்வகத்தின் தலைவர் ஆந்த்ரியா மொகொரோவிச்சிச், ஐரோப்பிய நிலையங்களின் பதிவுகளையெல்லாம் வரவழைத்துப் பார்த்தார். ஒரு பி அலை வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்திருந்தன. எஸ் அலையும் அப்படியே இரட்டை. அருகிலிருந்த நிலையங்களில் ஒன்று முந்தியது, தொலைவிலிருந்த நிலையங்களில் மற்றது முந்தியது.

ஊருக்குள்ளேயே போகும் பேருந்தையும் பைபாஸ் பிடித்துப் போகும் பேருந்தையும் நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பக்கத்து ஊருக்கு என்றால் சுற்றிப்போவது வீண். நெடுந்தொலைவு என்றால் சுற்றிப்போனதே முந்தும். அதேபோல ஓர் அலை மேலோட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது. மற்றொன்று கீழே இறங்கி, வேகம் கூடிய பாறையில் ஓடி, மேலே ஏறி வந்திருக்கிறது. அப்படியானால் கீழே ஓர் எல்லை இருக்கிறது, அங்கே பாறையே மாறுகிறது. மொகொரோவிச்சிச் கண்ட அந்த எல்லைதான் மேலோட்டின் அடித்தளம். கண்டங்களுக்குக் கீழே சராசரியாக 35 கிலோமீட்டர் ஆழத்திலும், கடல்களுக்குக் கீழே அதைவிட மிகக் குறைந்த ஆழத்திலும் அது இருக்கிறது. இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

இரண்டாவது முரண்பாட்டின் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமையும் ஷில்லாங் மேட்டுநிலத்தையும் ஒரு மாபெரும் நிலநடுக்கம் குலுக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம் அதை ஆராய்ந்தார். இடிந்த கட்டடங்களையும் பிளந்த நிலத்தையும் பதிவு செய்ததோடு அவர் நிற்கவில்லை. ஐரோப்பாவில் இருந்த கருவிகளின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்து, பி அலை, எஸ் அலை, மேற்பரப்பு அலை என்ற மூன்றும் அவற்றில் தனித்தனியாக விழுந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார்.

1906இல் அவர் இன்னும் ஒரு படி முன்னேறினார். பல நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது, பூமியின் மறுபக்கத்தை நெருங்கிய நிலையங்களில் அலைகள் கணக்குக்கு மிகவும் பிந்தி வருவதாகக் கண்டார். நடுவே வேகத்தைக் குறைக்கும் வேறொரு பொருள் இருக்கிறது, பூமிக்கு ஒரு கரு உண்டு என்று அவர் முடிவு செய்தார். பிந்தி வந்த எஸ் அலை என்று அவர் கொண்டது நேராக வந்த எஸ் அலையே அல்ல என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆனால் கரு இருப்பது உண்மை. ஜெர்மனியின் பெனோ குட்டன்பெர்க் அதன் எல்லையை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் குறித்தார். இன்றைய அளவு 2,891. அக்கால வசதிகளை நினைத்தால் மலைப்பு தட்டும் துல்லியம்!

நிலநடுக்கப் புள்ளியிலிருந்து, பூமியின் மையத்தில் அளக்கும் கோணக் கணக்கில், சுமார் 103 பாகைக்கு அப்பால் நேரடி எஸ் அலை எங்கும் வருவதே இல்லை. கருவுக்குள் நுழைய முடியாமல் அது நின்றுபோகிறது. 1926இல் இங்கிலாந்தின் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ், பூமி ஓதங்களுக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்ற கணக்கையும் சேர்த்து, கரு திரவம் என்று நிறுவினார். நம் காலுக்கு 2,900 கிலோமீட்டர் கீழே உருகிய இரும்பு நிறைந்திருப்பதை ஓர் அலையின் வராமை சொல்லிவிட்டது.

பி அலை திரவத்துக்குள் போகும். ஆனால் கருவுக்குள் நுழையும்போது அதன் வேகம் நொடிக்கு 13.7 கிலோமீட்டரிலிருந்து 8 ஆகச் சட்டென்று விழுவதால், அது உள்நோக்கிக் கூர்மையாக விலகுகிறது. விளைவாக, 103 பாகைக்கும் சுமார் 142 பாகைக்கும் இடையில் ஒரு வளையம் போன்ற நிலப்பரப்புக்கு நேரடிப் பி அலையும் வராது. இதை நிழல் மண்டலம் என்பார்கள். மர்ச்சிசனிலிருந்து பார்த்தால் இர்குத்ஸ்கும், அதே நடுக்கம் பதிவான மற்றொரு சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கும் இந்த நிழலுக்குள்தான் இருந்தன. நிழலுக்குள் அலை எப்படி வந்தது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் டென்மார்க்கின் இங்கே லேமன். 1888இல் கோபன்ஹேகனில் பிறந்தவர், கணிதம் படித்தவர். 1928 முதல் அந்நாட்டுப் புவியளவை நிறுவனத்தின் நில அதிர்வுத் துறைக்குத் தலைவராக இருந்தார். பெரிய நிலநடுக்கம் அரிதான நாட்டில் அமர்ந்துகொண்டு, உலகம் முழுவதிலிருந்தும் அஞ்சலில் வந்த பதிவுகளை அவர் வாசித்தார். கணினி இல்லாத காலம். அவர் வீட்டுத் தோட்டத்து மேசையில் ஓட்ஸ் அட்டைப்பெட்டிகள் இருக்கும் என்றும், ஒவ்வொரு நிலையத்திலும் அலை வந்த நேரத்தை எழுதிய அட்டைகள் அவற்றில் அடுக்கப்பட்டிருக்கும் என்றும் உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கருவின் விளிம்பைச் சுற்றிக் கசிந்து வரும் அலைகள் என்று பிறர் இதற்கு விளக்கம் சொல்லிவந்தார்கள். அப்படிக் கசிபவை மிக மெலிந்திருக்க வேண்டும். பதிவான அலைகளோ தெளிவாக இருந்தன. லேமன் ஓர் எளிய பூமியைக் கற்பனை செய்தார். கவசத்தில் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர், கருவில் 8. பாதைகள் நேர்கோடுகளாகிவிடும், கணக்கு கைக்கு அடங்கும். பிறகு கருவின் நடுவில் வேகம் கூடிய ஒரு சிறு உருண்டையை வைத்துப் பார்த்தார். அதில் சாய்வாகப் பட்ட அலைகள் வெளிநோக்கித் திரும்பி, சரியாக நிழல் மண்டலத்துக்குள் போய் விழுந்தன. நேரமும் பொருந்திற்று.

1936இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பு, பி என்ற ஓர் எழுத்தும் அதன் தோளில் ஒரு சிறு கோடும் மட்டுமே. சில ஆண்டுகளுக்குள் குட்டன்பெர்க்கும் ஜெஃப்ரீசும் உட்கருவை ஏற்றுக்கொண்டார்கள். அதன் ஆரம் 1,220 கிலோமீட்டர் என்று இன்று அறிவோம். லேமன் 104 ஆண்டுகள் வாழ்ந்து 1993இல் மறைந்தார்.

உட்கரு திடமானது என்பதை உறுதிசெய்ய மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1960 மே 22 அன்று சிலியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அளவு 9.5. கருவிகளால் அளக்கப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது. அதன் பிறகு பூமி முழுவதுமே அதிர்ந்துகொண்டிருந்தது. ஒருமுறை நீண்டு சுருங்கி மீள அது எடுத்துக்கொண்ட நேரம் 54 நிமிடம். இத்தகைய முழுப்பூமி அதிர்வுகளை ஆராய்ந்தபோது, நடுப்பகுதி திடமாக இருந்தால் மட்டுமே அளவுகள் பொருந்தும் என்று 1971இல் தெரியவந்தது. அந்தத் திட இரும்பு மெல்ல வளர்கிறது. அதனால் வெளிப்படும் வெப்பமும் இலேசான பொருள்களும் வெளிக்கருவின் உருகிய இரும்பைக் கலக்கி ஓடச் செய்கின்றன. திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் காந்தப்புலம் அந்த ஓட்டத்தில்தான் பிறக்கிறது.

இவ்வளவையும் எந்த ஒரு நிலையமும் தனியாகக் கண்டிருக்க முடியாது. நியூசிலாந்தில் பாறை நழுவியது, சோவியத் நாட்டில் கருவி அசைந்தது, கோபன்ஹேகனில் கணக்கு முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் மில்ன் உலகெங்கும் ஒரேவகைக் கருவிகளை நிறுவ முயன்றார். 1899இல் கொடைக்கானல் ஆய்வகத்திலும் அவருடைய கருவி ஒன்று பொருத்தப்பட்டது. நேரத்தைச் சரியாகக் குறித்து, குறித்ததை மறைக்காமல் மற்றவருக்கு அனுப்பும் பழக்கம்தான் பூமியின் உள்ளே பார்க்கும் கண்ணாக இருந்திருக்கிறது.

அந்தப் பழக்கத்தின் அருமை தமிழ்நாட்டுக் கடற்கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்திலிருந்து புறப்பட்ட பி அலை நான்கைந்து நிமிடங்களில் சென்னையைக் கடந்துவிட்டது. கடல் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. நடுவில் கிடைத்த அந்த நேரத்தைப் பயன்படுத்த அன்று ஓர் ஏற்பாடு இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நில அதிர்வுப் பதிவுகள் இப்போது அங்கே இரவும் பகலும் கவனிக்கப்படுகின்றன. பூமியின் மையத்தைக் காட்டிக்கொடுத்த அதே அலைதான் கரையில் இருப்பவர்களுக்கு அவகாசத்தையும் கொண்டுவருகிறது. அலை வந்த நொடியைக் குறிக்கும் கருவிக்கு எவ்வளவு செலவிடுகிறோமோ, அந்தச் செய்தியைக் கடைசி மீனவர் குப்பம்வரை கொண்டுசேர்க்கும் வழிக்கும் அவ்வளவு செலவிட வேண்டும்.